கலயம், பீப்பாய், கெக்

பனை உச்சியில் கட்டுகிற கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், ஏறுகிற ஆளும் அவர் அரிவாளும் ஒன்றுதான். ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இன்னொன்றை இறக்கினால் தமிழ்நாட்டில் போலீஸ் வருகிறது. வித்தியாசம் முழுக்க பாத்திரத்தின் உள்சுவரில் இருக்கிறது.

இதைப் பற்றி எழுத வைத்தது ஒரு கேள்வி. எங்க ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், சில வருஷம் இங்கே ஸ்ரீ சிட்டியில் வேலை பார்த்துவிட்டு இப்போது மெல்பர்னில் இருக்கிறான். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். விற்காமல் சொந்தத்துக்குக் காய்ச்சினால் அங்கே தடை இல்லை. "அண்ணே, நீங்க பிரஷர் சமாச்சாரம் தெரிஞ்ச ஆளு. சின்னதா, கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு கெக் வாங்கணும். எது நல்லது?" என்று கேட்டிருந்தான். பதில் இரண்டு வரியில் சொல்லலாம். ஆனால் அந்தச் சின்ன கெக் எப்படி வந்தது, நம்ம கலயம் ஏன் அப்படி ஆகவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தால் இரண்டு வரியில் நிற்காது. ஆணி பிடுங்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதியது இது :-)

கலயத்தின் கணக்கு

பனஞ்சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் ஈஸ்ட் இருக்கிறது. சேர்ந்தால் புளிக்கும். நேற்று கள் இருந்த கலயத்தை முழுசாகக் கழுவாமல் மறுபடி கட்டினால், சுவரில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே இன்றைக்கு உறை ஊற்றின மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கள் மரத்திலிருந்து இறங்கும்போதே பாதி புளித்து நுரைத்து வருகிறது. ஒரு நாளுக்குள் பீர் அளவுக்குப் போதை ஏறும். அதற்கு மேல் விட்டால் காடிதான். சுண்ணாம்பு தடவினால் சாற்றின் காரத்தன்மை கூடி ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாமல் போகும். சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். கருப்பட்டிக்கும் அதுதான் ஆதாரம்.

கலயம் திறந்த பாத்திரம் என்பதைக் கவனியுங்கள். புளிக்கும்போது வருகிற கரியமில வாயு வாய் வழியாகப் போய்விடும். அழுத்தம் சேராது, பாத்திரம் வெடிக்காது. மண்பானை என்பதால் அழுத்தத்தைத் தாங்கவும் செய்யாது. இறக்கினதும் சுரைக்குடுவையிலோ பெரிய பானையிலோ சேர்த்து, பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் குடிப்பார்கள். குடித்தபின் பட்டையைத் தூக்கிப் போடலாம். குழாய் இல்லை, வால்வு இல்லை, கழுவுகிற வேலையும் இல்லை.

இங்கே ஆந்திரப் பக்கம் பனையோடு ஈச்ச மரத்திலும் கள் இறக்குவார்கள். 'தாடி கல்லு', 'ஈத கல்லு' என்று பிரித்துச் சொல்வார்கள். கள் பானைக்கு 'லொட்டி', சின்னதுக்கு 'முந்த'. பெயர் மாறினாலும் பாத்திரத்தின் தத்துவம் அதேதான். வாய் திறந்த மண்பானை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கட்டுப்பாடு தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. கள்ளை வெகுதூரம் கொண்டுபோக முடியாது, நாள் கடத்தி வைக்கவும் முடியாது. காலையில் இறக்கியதை அன்றைக்கே, மரத்துக்குப் பக்கத்திலேயே குடித்துத் தீர்க்க வேண்டும். குடிக்கிறவனுக்கு இறக்கினவரைத் தெரியும். மழைக்காலத்தில் வரத்தே குறைந்துவிடும்.

இதைச் சொல்லி 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பாட நான் வரவில்லை. கள் கெடும் என்பதே கெட்ட வேலைகளுக்கும் காரணமாக இருந்திருக்கிறது. மலேயா ரப்பர் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை வைத்தார்கள். கூலியாகக் கொடுத்த காசு அங்கேயே திரும்பி வந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. நம் காலத்திலும் ஆந்திர, தெலங்கானா கள்ளுக்கடைகளில் குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து கலந்து பிடிபட்ட செய்திகள் எத்தனையோ வந்திருக்கின்றன. மரத்துப் பக்கத்தில் குடிக்கும்வரைதான் கலயம் காவல். கடைக்குப் போய்விட்டால் அந்தக் காவல் இல்லை.

கள்ளைத் தூரத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. கள்ளைப் போத்தலில் அடைத்து, சூடுபடுத்தி, ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவது. போத்தல் கள் மாதக்கணக்கில் நிற்கும், கப்பலும் ஏறும். ஆனால் அது உயிர் போன கள். ருசியில் வித்தியாசம் தெரியும்.

சுண்ணாம்பும் சர்க்காரும்

பாத்திரத்தை வைத்துச் சட்டம் எழுதுவது நம்ம பகுதிக்குப் புதிதல்ல. 1886-ல் வந்த மதராஸ் ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் இரண்டையும் வரிக்குள் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். உள்ளே புதுசாகச் சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கும் இனிப்புச் சாறு மட்டும் தனி ரகம். ஆக ஆப்காரி அதிகாரி மரத்தடியில் சோதிக்க வேண்டியது சாற்றை மட்டும் இல்லை, பானையின் உள்பக்கத்தையும்.

அடுத்த கட்டம் 1937. ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் மந்திரிசபை அந்த வருஷம் அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சேலத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இரண்டாவது கட்டம் எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1938 அக்டோபர் 1 அன்று சித்தூர், கடப்பா மாவட்டங்கள். 1939-ல் வட ஆற்காடு. அதாவது நான் இப்போது பிழைக்கிற சித்தூர்ச் சீமை இந்தியாவின் மதுவிலக்குப் பரிசோதனையில் முதல் வரிசையில் நின்ற இடம். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். கள்ளுப் பானையை உடைத்த இடத்தில் பிறந்ததுதான் நம்ம சேல்ஸ் டாக்ஸ். பில்லில் ஜிஎஸ்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மரம் ஏறிப் பிழைத்தவர்களை வெல்லம் காய்ச்சும் பக்கம் திருப்ப முயற்சி நடந்தது. அங்கேயும் பிடிமானம் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தோடு இறங்கினால் அவர் வெல்லத் தொழிலாளி, வெறுங்கலயத்தோடு இறங்கினால் குற்றவாளி. ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அந்த வெள்ளைப் பூச்சில் தொங்கியது.

யுத்த காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகி, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

இதில் எல்லைக் கதை ஒன்றும் உண்டு. ஸ்ரீ சிட்டியைச் சுற்றியிருக்கும் சத்தியவேடு வட்டாரம் 1938-ல் சித்தூர் மாவட்டத்தில் இல்லை. அது செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி தாலுக்காக்களில் இருந்த பகுதி. படாஸ்கர் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போக, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதற்குள் போனது. ஆக சித்தூரில் கடை மூடிய 1938-ல், மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் கடை திறந்தே இருந்தது. எல்லையோர ஊர்களுக்கு அது என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. ஆந்திராவில் உரிமம் பெற்ற கள் இறக்குவோருக்கும் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அனுமதி உண்டு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பனைக்கும் இந்தப் பக்கம் நிற்கும் பனைக்கும் வேறு வேறு சட்டம். பனைக்கு இது தெரியாது.

பீப்பாய் படகேறிய கதை

இப்போது பீர் பக்கம் வருவோம். பீரும் கள் மாதிரி புளிக்கிற சரக்குதான். ஆனால் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்ப்பதாலும், சாற்றைக் காய்ச்சி விடுவதாலும், மூடி வைத்தால் பல மாதம் நிற்கும். இந்த 'மூடி வைத்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஹாட்ஜ்சன் கம்பெனியின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மரப் பீப்பாய்களில் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. பயணம் நாலு முதல் ஆறு மாதம். வழியெல்லாம் பீர் உள்ளே மெதுவாகப் புளித்துக்கொண்டே வரும். பிற்பாடு இந்தியாவிலேயே காய்ச்சினார்கள். 1855 வாக்கில் கசௌலியில் எட்வர்ட் டயர் தொடங்கியது வடக்கே புகழ்பெற்றது. தெற்கே நீலகிரி, பெங்களூர் பக்கத்து ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பித்தார். அவர்கள் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு அனுப்பியதும் 'ஹாக்ஸ்ஹெட்' என்ற பெரிய பீப்பாய்களில்தான். பிரிட்டிஷ் கணக்கில் ஒரு ஹாக்ஸ்ஹெட் 54 காலன். கிட்டத்தட்ட 245 லிட்டர். ஒரு பட்டாளம் குடிக்கிற அளவு.

பீப்பாயில் பிரச்சினை எப்போது வருகிறது? திறக்கும்போது. கீழே குழாய் அடித்துத் திறந்தால், பீர் வெளியே போக மேலே காற்று உள்ளே வரவேண்டும். காற்று வந்தால் ஆக்சிஜன் வரும், கூடவே காடி பாக்டீரியாவும் வரும். சில நாளில் புளிப்பு. அதனால் திறந்த பீப்பாயை இரண்டு மூன்று நாளில் காலி செய்தாக வேண்டும். பெரிய பீப்பாய்க்குப் பெரிய கூட்டம் வேண்டும். 1797-ல் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய பீர் பம்பு, பாதாள அறையிலிருந்து மேல்மாடிக்கு பீரை இழுத்துத் தந்தது. காற்றுப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. 1767-ல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். புளிக்கும் தொட்டிகளுக்கு மேலே மிதக்கும் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சோடா பிறந்தது. 1783-ல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். 1872-ல் ஹைரம் காட், உள்ளே கோலிக்குண்டு போட்ட பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்தி அடைக்கிறது. நம்ம கோலி சோடாதான். ஜப்பானில் அதற்கு ராமுனே என்று பெயர், இன்றும் விற்கிறது. இங்கே ஸ்ரீ சிட்டிக்கு வரும் ஜப்பான்காரர்கள் பலருக்கு கோலி சோடாவைப் பார்த்ததும் முகம் மலர்வதற்குக் காரணம் அதுதான்.

பீர் ஆலைத் தொட்டியிலிருந்து சோடாவுக்குப் போன வாயு, நூற்றைம்பது வருஷம் கழித்து பீருக்கே திரும்பி வந்தது. 1930-களில் லண்டன் வாட்னி கம்பெனி, வடிகட்டிச் சூடுபடுத்திய பீரை மூடிய உலோகப் பீப்பாயில் அடைத்து விற்றுப் பார்த்தது. அதுதான் கெக். ஒரே வாய். வாயு அதன் வழியே உள்ளே போய் பீரை அழுத்தும், உள்ளே தொங்கும் குழாய் வழியே பீர் மேலேறி வரும். காலியாகும் இடத்தைக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு நிரப்புகிறது. திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. இதே வாட்னி 1968-ல் 'பார்ட்டி செவன்' என்று 7 பைன்ட் கொள்ளும் தகர டப்பாவை வீட்டு விருந்துகளுக்காக இறக்கியது. சுமார் 4 லிட்டர். சுத்தியலும் ஆணியும் வைத்துத் திறந்து வீட்டுக் கூரையை நனைத்தவர்கள் ஏராளம்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சூடுபடுத்தினால் செத்த பீர் என்று சொல்லி 1971-ல் 'கேம்ரா' என்ற இயக்கம் பிரிட்டனில் ஆரம்பமானது. யாழ்ப்பாணத்துப் போத்தல் கள்ளைப் பற்றி மேலே சொன்ன அதே வருத்தம்தான்.

சோடாக்காரன் விட்டதை பீர்க்காரன் எடுத்தான்

வீட்டில் பீர் காய்ச்சுவது உலகெங்கும் எப்போதும் சட்டப்படி சரியாக இருந்ததில்லை. பிரிட்டனில் 1880 முதல் லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963-ல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்தார். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு போனபோதும் வீட்டு பீருக்கு விலக்கு எழுத மறந்துவிட்டார்கள். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டபின், 1979 பிப்ரவரியில்தான் அது அமலுக்கு வந்தது.

காய்ச்சலாம், சரி. எதில் அடைத்து ஊற்றுவது? இங்கே உதவிக்கு வந்தது சோடாக் கம்பெனிகள். கொக்கோகோலா, பெப்சிக் கடைகளுக்கு சிரப் அனுப்ப 'கார்னீலியஸ்' என்ற துருப்பிடிக்காத எஃகு டப்பாக்கள் இருந்தன. 5 அமெரிக்க காலன், அதாவது 19 லிட்டர். இணைப்பில் மட்டும் போட்டி. பெப்சியுடையது குண்டு வைத்த 'பால் லாக்', கோக்குடையது ஆணி வைத்த 'பின் லாக்'. 1980-களிலும் 90-களிலும் சிரப் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைக்கு மாறியது. எஃகு டப்பாக்கள் கழித்துக் கட்டப்பட்டு, குறைந்த விலைக்கு வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்குப் போயின. இன்று கடையில் வாங்கும் 2 லிட்டர், 4 லிட்டர் குட்டி கெக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்தப் பெப்சி 'பால் லாக்' இணைப்புதான். 2015-ல் ஸ்ரீ சிட்டியில் பெப்சிகோ தன் பெரிய ஆலையைத் திறந்தபோது இந்தத் தொடர்பு எத்தனை பேருக்கு ஞாபகம் வந்திருக்கும்!

எது வாங்கலாம்?

இத்தனை சரித்திரமும் இந்தக் கேள்விக்கு உதவும். கடையில் இருக்கும் ஒவ்வொரு ரகமும் மேலே சொன்ன ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிட்டதுதான்.

முதல் ரகம், 5 லிட்டர் தகர கெக். கீழே குழாய், மேலே காற்றுத் துளை. இது பழைய மரப் பீப்பாயின் பேரன். விலை குறைவு, வாயு வேண்டாம். ஆனால் திறந்தால் அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளைக்குள் முடித்தாக வேண்டும். இதிலேயே சர்க்கரை போட்டு வாயு ஏற்றுகிறவர்கள் அளவு தப்பினால் டப்பா உப்பிவிடும். தகரத்துக்குத் தாங்கும் எல்லை குறைவு.

இரண்டாவது, கையால் அடிக்கும் காற்றுப் பம்பு வைத்தது. இது பிராமாவின் தலைகீழ் வேலை. பீரை இழுப்பதற்குப் பதில் காற்றால் தள்ளுகிறது. கூட்டம் இருந்தால் நல்லது, மிச்சம் வைக்க லாயக்கில்லை.

மூன்றாவது, எஃகு டப்பாவும் கரியமில வாயுக் குப்பியும் சின்ன ரெகுலேட்டரும். இதுதான் நிஜமான கெக். கணக்கைப் பாருங்கள். 16 கிராம் குப்பியில் சாதாரண அழுத்தத்தில் 8 லிட்டர் வாயு இருக்கிறது. குளிர்ந்த பீரை 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 4 லிட்டர் ஊற்ற வேண்டுமென்றால் காலியாகும் இடத்தை நிரப்பச் சுமார் 14 கிராம் போகும். ஆக 4 லிட்டருக்கு ஒரு குப்பி. 19 லிட்டர் கார்னீலியஸுக்கு ஐந்து குப்பி. அதற்குப் பெரிய சிலிண்டர் வாங்குவதே லாபம், ஆனால் அப்புறம் 'தூக்கிட்டுப் போற' கதை முடிந்தது.

குப்பி வாங்கும்போது ஜாக்கிரதை. கேக் க்ரீம் நுரைக்க வைக்கும் குப்பி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. விளையாட்டுத் துப்பாக்கிக்கு வருகிற 12 கிராம் குப்பிகளில் எண்ணெய் இருக்கலாம். உணவுக்கானது என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 0.67 லிட்டர்தான். 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. போதுமான அதே பீருக்கு 30 டிகிரியில் 30-க்கு மேலே போகும். சூடான பீரைத் திறந்தால் நுரைதான் வரும், பீர் வராது. குப்பியும் அப்படித்தான். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்காது, அதற்கு மேல் அழுத்தம் மளமளவென்று ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக்கூடாது. ஆகவே அழுத்தம் தானாக விடுகிற வால்வு இல்லாத கெக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழாய் கொஞ்சம் நீளமாக இருந்தால் வேகம் குறைந்து நுரை அடங்கும். பழைய கார்னீலியஸ் வாங்கினால் ரப்பர் வாஷர்களை மாற்றிவிடுங்கள். சோடா வாசனை லேசில் போகாது.

அளவு? ஒரே மாலையில் நாலைந்து பேர் குடித்து முடிக்கிற அளவு. அந்தத் தம்பிக்கு நான் சொன்னது 4 லிட்டர், 'பால் லாக்', பாதுகாப்பு வால்வு உள்ளது.

சின்னதாக்கினால் என்ன ஆகும்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. பாத்திரத்தைச் சின்னதாக்கி, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஆக்குவது எப்போதும் வெறும் வசதி மட்டும் இல்லை. ஸ்ரீ சிட்டிக்கு அடுத்திருக்கும் நெல்லூர் அதற்குச் சாட்சி.

1980-களில் ஆந்திர அரசு 'வருண வாகினி' என்ற பெயரில் சாராயத்தை பாலித்தீன் பாக்கெட்டில் அடைத்து கிராமங்களுக்கு அனுப்பியது. கலப்படம் இருக்காது, அளவு சரியாக இருக்கும் என்பது வாதம். அது வரை குடிக்க வேண்டுமென்றால் கடைக்குப் போகவேண்டும். பாக்கெட் வந்ததும் கடை மனிதனைத் தேடி வந்தது. வயலுக்கு வந்தது, வாசலுக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கியது. கூலி வாங்கின கையோடு பாக்கெட்.

இதை எதிர்த்து எழுந்தது நெல்லூர் மாவட்டத்து துபகுண்டா கிராமம். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடத்தில் வந்த குடிகாரன் வீட்டுக் கதை தங்கள் கதைதான் என்று கண்டு, ரோசம்மா போன்றவர்கள் முன்னால் நிற்க, ஊரில் சாராயம் விற்க விடவில்லை. 1992-ல் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. சாராய ஏலங்களைத் தடுத்தார்கள். 1993 அக்டோபர் 1 அன்று மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார். பாக்கெட்டை ஊர் ஊராக அனுப்பியதும் அவர் ஆட்சிதான், பூரண மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் அவர் ஆட்சிதான். 1997-ல் மதுவிலக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் பாக்கெட் சாராயம் பழைய மாதிரி திரும்பி வரவில்லை. துபகுண்டா பெண்கள் ஜெயித்தது அதில்.

கலயம் மரத்தடியில் கட்டிப்போட்டது. பீப்பாய் கூட்டம் கேட்டது. கெக் ஆறப்போட்டு அளந்து குடிக்க வைத்தது. பாக்கெட் யாரையும் கேட்கவில்லை. அதனால் கெக் வாங்குகிறவர்கள் எத்தனை லிட்டர் என்று கேட்கும்போதே எத்தனை பேருக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக ஒருவன் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னது, என் பார்வையில், ரொம்பச் சின்னது.

இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மதுவைத் தயாரிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதையும் கொண்டுபோவதையும்கூட மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. 1968-ஆம் வருஷத்து ஆந்திர ஆயத்தீர்வைச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவதும் குற்றம், அதற்கான பாத்திரங்களை வைத்திருப்பதும் குற்றம். தடாவிலும் சத்தியவேட்டிலும் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நம்ம பேச்சிலர் தம்பிகள் இதை வாசித்துவிட்டு பரிசோதனையில் இறங்க வேண்டாம். கோலி சோடா குடியுங்கள். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அது தனிப் பதிவு.